சுவரில் கிறுக்கிய கைகளுக்கு வேலை கொடுத்த மாண்டிசோரி அம்மையார்

பெங்களூரில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் அந்தப் பெயரைப் பலகையில் பார்க்கலாம். பெரிய கட்டிடத்தின் வாசலிலும் இருக்கும். சந்துக்குள் மாடி வீட்டின் கீழ்த்தளத்திலும் இருக்கும். மாண்டிசோரி பள்ளி என்று எழுதியிருப்பார்கள்.

வேலைக்குப் போகும் தாய், தகப்பன்மார் மூன்று வயதுக் குழந்தையை அங்கே கொண்டுபோய் விடுகிறார்கள். வாங்கும் சம்பளத்தில் ஒரு பகுதி கட்டணமாகப் போகிறது. ஆனால் மாண்டிசோரி என்பது ஊரின் பெயரா, பாடத்தின் பெயரா என்பது கூடப் பலருக்குத் தெரியாது.

அது ஒரு பெண்மணியின் பெயர். இத்தாலி நாட்டில் பிறந்த டாக்டர். நமது அடையாற்றிலும் கொடைக்கானலிலும் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்.

அவர் நடத்திய முதல் குழந்தைகள் இல்லம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டதல்ல. பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. அந்தப் பிள்ளைகள் சுவரில் கிறுக்கிப் பாழாக்குகிறார்கள் என்ற புகாரினால்தான் அது பிறந்தது!

பிடிவாதக்காரப் பெண்

1870-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி, இத்தாலியில் கியாரவல்லே என்ற சிற்றூரில் மரியா மாண்டிசோரி பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ அரசாங்க உத்தியோகஸ்தர். தாய் ரெனில்டே, படிப்பில் பிரியம் உள்ளவர். மரியா அவர்களுக்கு ஒரே குழந்தை. 1875-ல் குடும்பம் தலைநகரான ரோமுக்குக் குடிபெயர்ந்தது.

அந்தக் காலத்தில் படித்த பெண்ணுக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு. அது பள்ளிக்கூட ஆசிரியை வேலை. தந்தையும் மகளை ஆசிரியையாக்கவே விரும்பினார். மகளோ எந்த வேலைக்குப் போனாலும் ஆசிரியை வேலைக்கு மட்டும் போவதில்லை என்று நின்றாள். உலகத்துக்கே ஆசிரியையாகப் போகிற பெண் என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

13-வது வயதில் ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். முதலில் எஞ்சினீயர் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார். பிறகு மனம் மருத்துவத்தின் மேல் திரும்பியது. ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க இடம் பிடிப்பதற்கே போராட வேண்டியிருந்தது.

இடம் கிடைத்த பிறகும் தொல்லை தீரவில்லை. ஆண்களோடு சேர்ந்து நின்று பிணத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்றார்கள். மற்ற மாணவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, தன்னந்தனியாக அந்த அறையில் நின்று அவர் பாடம் படித்தார்.

1896-ல் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியில் அந்தப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் அவரும் ஒருவர். அதே ஆண்டு ஜெர்மனியின் பெர்லின் நகரில் பெண்கள் மாநாடு கூடியது. இத்தாலியின் பிரதிநிதியாகச் சென்ற அந்த இளம் டாக்டர், உழைக்கும் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான கூலி வேண்டும் என்று பேசினார்.

ரொட்டித் துணுக்குகள்

டாக்டர் வேலையில் சேர்ந்த மாண்டிசோரி, ரோம் நகரத்து மனநோய் விடுதிகளுக்குப் போய் வந்தார். மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அங்கே பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். வெறும் அறை. விளையாட ஒரு பொருள் கிடையாது.

சாப்பிட்டு முடித்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிக் கொண்டிருந்தன. அவற்றைக் காவல் காத்த பெண் அருவருப்போடு பார்த்தாள். தின்பதற்கு அலைகிற ஜென்மங்கள் என்பது அவள் நினைப்பு.

மாண்டிசோரி உற்றுப் பார்த்தார். குழந்தைகள் அந்தத் துணுக்குகளைத் தின்னவில்லை. உருட்டியும் பிசைந்தும் தொட்டும் பார்த்துக் கொண்டிருந்தன. அந்த அறையில் கையில் அகப்படக்கூடிய பொருள் அது ஒன்றுதான். அவற்றின் பசி வயிற்றுப் பசியல்ல, கையின் பசி என்பது டாக்டருக்குப் புரிந்தது.

அன்று முதல் அவருடைய வழி மாறியது. இத்தார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி எழுதி வைத்திருந்த நூல்களைத் தேடிப் படித்தார். மனத்தில் நன்றாகப் பதிய வேண்டும் என்பதற்காகக் கையாலேயே அவற்றை மொழிபெயர்த்து எழுதினார். தொட்டும் தடவியும் கோத்தும் அடுக்கியும் பழகுவதற்கான சாமான்களைச் செய்யச் சொல்லிக் குழந்தைகளிடம் கொடுத்தார். உதவாக்கரைகள் என்று ஒதுக்கப்பட்ட அந்தக் குழந்தைகளில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினார்கள்.

ஊரே பாராட்டியது. மாண்டிசோரிக்கு மட்டும் மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது. மூளை குன்றிய பிள்ளைகளே இவ்வளவு தூரம் வர முடிகிறது என்றால், நல்ல நிலையில் இருக்கும் பிள்ளைகள் அதே அளவில் நிற்பது ஏன்? பள்ளிக்கூடங்கள் அவர்களை என்ன செய்து கொண்டிருக்கின்றன?

மறைத்து வைத்த மகன்

இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு பெரிய துயரமும் இருந்தது. கூட வேலை பார்த்த டாக்டர் மான்டெசானோ என்பவரை அவர் நேசித்தார். 1898-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மரியோ என்று பெயர் வைத்தார்கள். திருமணம் நடக்கவில்லை.

மணமாகாத தாய் என்று தெரிந்தால் டாக்டர் தொழிலும் போய்விடும். வெளியில் தலைகாட்டவும் முடியாது. குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார்கள். தாய் அவ்வப்போது போய்ப் பார்த்து வருவார். வந்து போகிற அந்த அம்மாள் யார் என்பது பையனுக்குச் சொல்லப்படவில்லை.

ஊரார் பிள்ளைகளுக்காக உலகம் சுற்றிய பெண்மணி, தம் பிள்ளையைப் பக்கத்தில் வைத்து வளர்க்க முடியவில்லை. அந்தக் குறை அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை.

சான் லொரென்சோ

ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற பகுதி இருக்கிறது. 1880-களில் அங்கே வீடு கட்டி விற்கிற வியாபாரம் சூடு பிடித்தது. மாடி மாடியாக எழுப்பினார்கள். திடீரென்று பணம் வற்றியது. முதலாளிகள் கையை விரித்தார்கள். பாதியில் நின்ற கட்டிடங்களில் ஏழைகள் குடியேறினார்கள். கூலி வேலை தேடி வெளியூர்களிலிருந்து வந்தவர்களும் அங்கே ஒதுங்கினார்கள். ஓர் அறையில் பல குடும்பங்கள் நெருக்கியடித்துக் கொண்டு இருந்தன. நல்ல தண்ணீர் கிடையாது, வெளிச்சமும் கிடையாது.

பிறகு ஒரு கட்டிடக் கம்பெனி அந்த வீடுகளை வாங்கிப் பழுது பார்த்து, குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. அப்போது வேறு ஒரு சங்கடம் தலைதூக்கியது. தாயும் தகப்பனும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்குப் போகும். பள்ளி வயது வராத சின்னஞ்சிறுசுகள் நாள் முழுதும் மாடிப்படிகளில் திரிந்தன. புதிதாக வெள்ளையடித்த சுவர்களை அழுக்காக்கின; கிறுக்கின; சுரண்டின.

கம்பெனியின் தலைவர் டலாமோ கணக்குப் போட்டுப் பார்த்தார். சுவருக்கு அடிக்கடி வெள்ளையடிப்பதை விட, பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து ஓர் ஆளை வைத்துக் கவனிப்பது செலவு குறைவு. அந்தப் பொறுப்பை மாண்டிசோரியிடம் கொடுத்தார்.

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. இத்தாலியில் குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கும் திருநாள் அது. சுமார் 50 குழந்தைகள் வந்தார்கள். எல்லோரும் மூன்று முதல் ஆறு வயதுக்காரர்கள். முரட்டு நீலத் துணியில் ஒரே மாதிரி உடுப்பு. அழுதுகொண்டும், ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டும், மிரண்டு போய் நின்றார்கள்.

கவனித்துக் கொள்ள நியமிக்கப்பட்ட பெண் ஆசிரியர் பயிற்சி பெற்றவள் அல்ல. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. பழைய பள்ளிக்கூடத்துப் பழக்கம் எதுவும் அவளிடம் இல்லை.

கைக்குக் கிடைத்த வேலை

சுவரில் கிறுக்கிய கையை அடித்து அடக்க மாண்டிசோரி நினைக்கவில்லை. கிறுக்குகிற கைக்கு வேலை வேண்டும் என்றுதான் நினைத்தார். அதற்காக அவர் கொடுத்த சாமான்கள் எளிமையானவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கம் இருந்தது.

சின்னப் பலகைகளில் வண்ணப் பட்டு நூலைச் சுற்றி வைத்தார். எட்டு நிறங்கள், ஒவ்வொரு நிறத்திலும் அடர்த்தியிலிருந்து வெளிறியது வரை எட்டுச் சாயல்கள். ஆக 64 பலகைகள். குழந்தை அவற்றை வரிசைப்படுத்த வேண்டும். நெசவாளியும் பட்டு வியாபாரியும் பல வருடத்தில் பழகுகிற கண்ணை, நான்கு வயதுப் பிள்ளை விளையாட்டாகவே பழகிக் கொண்டது.

வட்டம், சதுரம், முக்கோணம் என்று நடுவில் வெட்டியெடுத்த இரும்புச் சட்டங்களைக் கொடுத்தார். குழந்தை அந்தச் சட்டத்தைத் தாளின் மேல் வைத்து, வண்ணப் பென்சிலால் ஓரத்தைச் சுற்றிக் கோடு இழுக்கும். பிறகு அந்தக் கோட்டுக்குள்ளே இன்னொரு வண்ணத்தை நிரப்பும். முதலில் கோடுகள் தாறுமாறாக ஓடும். நாளாக ஆக, கோட்டைத் தாண்டாமல் சீராக நிற்கும். யாரும் திருத்த வேண்டியதில்லை. தப்பு எங்கே என்பது குழந்தையின் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

களிமண்ணும் கொடுத்தார். எதை வேண்டுமானாலும் செய்யலாம். இதைப் பார்த்து இப்படியே செய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ரோமில் ரந்தோனே என்ற கலைஞர், மண்பாண்டம் செய்யக் கற்றுத் தரும் பள்ளி ஒன்றை நடத்தி வந்தார். அவருடைய வழியைப் பின்பற்றிக் குழந்தைகள் கைப்பிடி வைத்த சின்னஞ்சிறு ஜாடிகளைச் செய்தார்கள். தாங்கள் செய்ததைப் பத்திரமாகப் பாதுகாத்தார்கள். குட்டிக் குட்டிச் செங்கற்களை வைத்துச் சுவர் எழுப்பினார்கள். சுவரைப் பாழாக்கிய பிள்ளைகள் சுவர் கட்டத் தொடங்கினார்கள்!

காதும் காலும்

கண்ணுக்கும் கைக்கும் செய்ததைக் காதுக்கும் செய்தார். மக்கெரோனி என்ற அவருடைய தோழி இசை தெரிந்தவர். இருவருமாகச் சேர்ந்து மணிகளை உருவாக்கினார்கள். இரண்டு வரிசை மணிகள். பார்வைக்கு மணிகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே உருவம். ஓசை மட்டும்தான் வேறு. ஒரு வரிசையில் ஒரு மணியைத் தட்டிவிட்டு, அதே ஸ்வரம் தருகிற மணியை மற்ற வரிசையில் குழந்தை கண்டுபிடிக்க வேண்டும். கண் உதவாது, காது ஒன்றே துணை.

தரையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதன் மேல் ஒற்றையடியாக நடக்க வேண்டும். பியானோ வாசிக்கப்படும். தாளம் மெதுவாக இருந்தால் நடை மெதுவாகும்; வேகம் கூடினால் கால்கள் ஓடும்; துள்ளல் வந்தால் குழந்தைகளும் துள்ளுவார்கள். அடவு எதுவும் சொல்லிக் கொடுப்பதில்லை. இசை சொல்வதைக் கால் கேட்டது.

ஒரு நாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக் கட்டைகளைக் குழியில் பொருத்திக் கொண்டிருந்தாள். மாண்டிசோரி மற்றக் குழந்தைகளைச் சுற்றி வந்து பாடச் சொன்னார். அவள் அசையவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசை மேல் வைத்தார். அவள் கட்டைகளை மடியில் போட்டுக் கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, தூங்கி விழித்தவள் போலச் சிரித்த முகத்தோடு எழுந்தாள்.

குழந்தைக்குக் கவனம் நிற்காது என்பது பெரியவர்களின் தப்பெண்ணம் என்பதை மாண்டிசோரி அன்று கண்டார். குழந்தை விரும்பும் வேலையைக் கொடுக்காமல் கவனம் இல்லை என்று குறை சொல்வது நியாயமல்ல.

புகைபோக்கிப் படம்

அதே ஆண்டு டிசம்பர் மாதம். நல்ல வெயில் அடித்த ஒரு நாள் குழந்தைகள் மொட்டை மாடியில் விளையாடிக் கொண்டிருந்தார்கள். மாண்டிசோரி ஒரு புகைபோக்கிக்கு அருகே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த ஐந்து வயதுப் பையனிடம் சாக்குக் கட்டியைக் கொடுத்து, அந்தப் புகைபோக்கியை வரைந்து காட்டச் சொன்னார். அவன் தரை ஓட்டில் நன்றாகவே வரைந்தான். அவர் பாராட்டினார்.

பையன் அவரைப் பார்த்தான், சிரித்தான். மறுகணம் சந்தோஷத்தில் கூவிக் கொண்டு தரையில் மண்டியிட்டு எழுதத் தொடங்கினான். அவனுக்கு யாரும் எழுதக் கற்றுக் கொடுத்ததில்லை. சொரசொரப்பான காகிதத்தில் வெட்டிய எழுத்துக்களைத் தடவிப் பார்த்திருக்கிறான். சட்டங்களில் கோடு இழுத்திருக்கிறான். அவ்வளவுதான்.

அவன் எழுதிய முதல் சொல், கை. அடுத்து புகைபோக்கி, கூரை என்று எழுதினான். கூச்சலைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவர்களும் சாக்குக் கட்டி கேட்டார்கள். சிலர் எழுதியே காட்டினார்கள்.

அப்போது கிறுக்கல், படம், எழுத்து என்ற மூன்றும் ஒரே பாதையில் இருக்கும் மூன்று படிகள் என்பது விளங்கியது. முதல் படியில் அடித்து நிறுத்தப்பட்ட குழந்தை மூன்றாவது படிக்கு வரும்போது அழுகிறது. முதல் படியில் கைக்கு நல்ல வேலை கிடைத்த குழந்தை மூன்றாவது படியில் ஆனந்தக் கூத்தாடுகிறது.

படம் வரைவதைப் பற்றி மாண்டிசோரியின் கொள்கை கண்டிப்பானது. குழந்தையின் படத்தைப் பெரியவர் திருத்தக் கூடாது. ஆசிரியை வரைந்ததைப் பார்த்துக் குழந்தை எழுதுவது சித்திரம் ஆகாது. கண்ணையும் கையையும் கூர்மையாக்கி விட்டு, ஆசிரியை விலகி நிற்க வேண்டும். அதற்குப் பிறகு வருவது குழந்தையின் சொந்தச் சரக்கு.

இதை எல்லோரும் ஒப்புக் கொள்ளவில்லை. கிண்டர்கார்டன் என்ற பெயரையே உண்டாக்கிய ஜெர்மானியர் பிரோபெல் 1852-ல் இறந்தவர். பாட்டும் ஆட்டமும் கற்பனை விளையாட்டும் அவர் வழி. அந்த வழி வந்தவர்கள், மாண்டிசோரியின் சாமான்களில் கற்பனைக்கு இடம் போதாது, கதைக்கு இடம் இல்லை என்று குறை சொன்னார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

புகழும் பகையும்

சான் லொரென்சோவின் செய்தி கடல் கடந்து பரவியது. 1913-ல் அமெரிக்காவில் அவருக்குப் பெரிய வரவேற்பு. அதற்கு முன்பே, 1912 டிசம்பரில், தாய் ரெனில்டே காலமாகிவிட்டார். அதன் பிறகுதான் 15 வயது மரியோ தாயோடு வந்து சேர்ந்தான். ஊருக்கு அவனை உறவுக்காரப் பையன் என்று சொன்னார்கள். அன்று முதல் கடைசி வரை மரியோதான் தாய்க்கு வலது கை.

இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி முதலில் மாண்டிசோரி பள்ளிகளை ஆதரித்தார். பிள்ளைகளைச் சிப்பாய்களாக்க அவர் விரும்பியபோது உறவு முறிந்தது. 1934-ல் மாண்டிசோரி இத்தாலியை விட்டு வெளியேறினார். அங்கிருந்த அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியும் அதையே செய்தது. ஸ்பெயினில் தங்கினார், 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. ஹாலந்து நாட்டுக்குப் போனார். தாம் பிறந்த நாடு அவருக்கு அந்நிய நாடாகிவிட்டது.

இதற்கிடையே, 1931 அக்டோபரில் வட்டமேசை மாநாட்டுக்காக லண்டன் சென்றிருந்த காந்தியடிகள், மாண்டிசோரியின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு வந்தார். இந்தக் கல்வி வசதி படைத்தவர்களின் பிள்ளைகளோடு நின்றுவிடாமல் ஏழை எளியவர்களின் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற தமது ஆசையை அங்கே அவர் வெளியிட்டார்.

அடையாற்றுக் கீற்றுக் கொட்டகை

பரதநாட்டியத்தை மேடையேற்றி, 1936-ல் அடையாற்றில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவர் ருக்மிணி தேவி. அவரும், பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த அவர் கணவர் அருண்டேலும் மாண்டிசோரியைச் சென்னைக்கு அழைத்தார்கள். 1939 நவம்பரில் மகனோடு ஆகாய விமானத்தில் அவர் வந்து இறங்கினார். வயது 69.

அடையாற்றில் கீற்றுக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். ஒரு பக்கம் கலாக்ஷேத்ராவில் ஆட்டமும் பாட்டும். இன்னொரு பக்கம் குழந்தைகளின் கைக்கும் காதுக்கும் கண்ணுக்கும் பாடம். இரண்டும் ஒரே அடையாற்று மண்ணில் நடந்தன.

சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் 1940 ஜூன் 10-ந் தேதி இத்தாலி பிரிட்டனுக்கு எதிராகப் போரில் குதித்தது. இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் எதிரி நாட்டினர் ஆனார்கள். மரியோவைப் பிடித்து அகமது நகர் முகாமில் அடைத்தார்கள். தாய் அடையாற்றை விட்டு வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு.

1940 ஆகஸ்டு 31-ந் தேதி அவருடைய 70-வது பிறந்த நாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பித் தருவதாக அதில் கண்டிருந்தது. உறவுக்காரப் பையன் என்றே 27 வருடமாக உலகத்துக்குச் சொல்லப்பட்ட மரியோ, அந்தத் தந்தியில் மகன் ஆனார். பெற்ற பிள்ளை அப்போது 42 வயது மனிதர்.

கொடைக்கானல் குழந்தைகள்

போர்க் காலத்தில் தாயும் மகனும் கொடைக்கானலில் தங்கினார்கள். பல நாட்டுக் குழந்தைகளும் உள்ளூர்க் குழந்தைகளும் சேர்ந்த ஒரு சிறு பள்ளி அங்கே நடந்தது. இலை, பூ, வேர், பூச்சி, பறவை எல்லாம் பாடமாயின. மலையில் கண்டதைக் குழந்தைகள் படமாக்கினார்கள். உலகம் முழுவதும் ஒன்றோடொன்று பிணைந்தது என்பதைச் சிறுவர்களுக்கு எப்படிக் காட்டுவது என்ற அவருடைய பிற்காலக் கல்வித் திட்டம் பெரும்பாலும் இங்கேதான் உருவானது.

1944-ல் இலங்கையில் கொழும்பு நகரிலும் பயிற்சி நடத்தினார். 1946-ல் ஐரோப்பா திரும்பினார். 1947-ல் மறுபடி இந்தியாவுக்கு வந்து 1949 வரை பணியாற்றினார். இந்தியாவில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி, ஹாலந்தில் நூர்ட்விக் என்ற கடற்கரை ஊரில் காலமானார். வயது 81. அவரது உயிலில் மரியோவைத் தம் மகன் என்றே எழுதியிருந்தார்.

நூற்றாண்டு விழா ஆண்டான 1970-ல் இந்திய அரசு அவருடைய படம் போட்ட தபால் தலையை வெளியிட்டது. 1990-ல் இத்தாலி தனது 1,000 லைர் நோட்டில் அவர் உருவத்தை அச்சிட்டது. இருந்ததிலேயே மிகக் குறைந்த மதிப்புள்ள நோட்டு அது. தினக் கூலிக்காரர் கையிலும் புழங்கிய பணத்தில் அவர் முகம் இருந்தது பொருத்தம்தான்.

பலகையும் கையும்

அவர் காட்டிய வழியை இந்த மண்ணுக்கு ஏற்றபடி மாற்றிக் கொண்டவர்களும் உண்டு. குஜராத்தில் கிஜுபாய் பதேக்கா, வக்கீல் தொழிலை விட்டுவிட்டு 1920-ல் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கினார். மாண்டிசோரி சாமான்களோடு கதை, நாடகம், நாட்டுப் பாடல் எல்லாவற்றையும் சேர்த்தார். குழந்தைகளோடு தாமும் நடித்தார். மீசை வைத்த அம்மா என்று மக்கள் அவரை அழைத்தார்கள். மாண்டிசோரி இந்தியாவில் காலடி வைக்கச் சில மாதங்கள் இருக்கும்போது, 1939 ஜூனில் அவர் காலமானார்.

அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக், 1945-ல் பம்பாய்க்கு வடக்கே போர்டி என்ற கிராமத்துக்குப் போனார். விலை உயர்ந்த சாமான்களை வாங்க வழியில்லை. விதை, இலை, கிளிஞ்சல், மண் இவற்றையே சாமான்களாக்கினார். பள்ளிக்கு வராத ஏழைக் குழந்தைகளைத் தேடி அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளி போயிற்று. முற்றத்தில் நடந்ததால் அங்கன்வாடி என்று பெயர். 1975 அக்டோபர் 2-ந் தேதி மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் அந்தப் பெயர் நாடெங்கும் பரவியது. கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் தெருவுக்குத் தெரு அந்தப் பலகையும் உண்டு.

மாண்டிசோரி என்ற பெயர்ப் பலகையை மாட்டிவிட்டு, மூன்று வயதுப் பிள்ளையை நாள் முழுதும் உட்கார வைத்து எழுத்துக்களைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்கிற பள்ளிகள் இருக்கலாம். பெயரே இல்லாத ஓர் அங்கன்வாடியில் ஆசிரியை குழந்தைகளோடு சேர்ந்து பாடி ஆடி, புளியங்கொட்டையால் கோலம் போட்டுக் கொண்டும் இருக்கலாம். சான் லொரென்சோவுக்கு எது பக்கத்தில் இருக்கிறது என்பது கட்டண ரசீதில் தெரியாது.

பணம் கட்ட முடியாத வீட்டிலும் அந்த அம்மையாரின் வழிக்கு இடம் உண்டு. ஒரு துண்டு சாக்குக் கட்டி, மொட்டை மாடித் தரை, அம்மா போடும் புள்ளிக் கோலம், பாட்டி சொல்லும் தாலாட்டு, கும்மிக்குத் தட்டும் கை, ஒரு பிடி களிமண், இவற்றுக்குப் பெரிய செலவு ஆகாது. பாட்டு தமிழில் இருந்தாலும் கன்னடத்தில் இருந்தாலும் குழந்தையின் காலுக்குத் தாளம் புரியும்.

மாலையில் வேலை முடிந்து வருகிற தாயும் தகப்பனும், இன்று எத்தனை பக்கம் எழுதினாய் என்று நோட்டைப் புரட்டுவது வழக்கம். அதற்கு முன்பாகக் குழந்தையின் கையை ஒரு தடவை விரித்துப் பார்க்கலாம். மண்ணோ, வண்ணமோ, சாக்குப் பொடியோ ஒட்டியிருந்தால் அன்றைய பொழுது நல்லபடியாகப் போயிருக்கிறது என்று தெரிந்து கொள்ளலாம்.